பழைய ஸ்போர்ட்ஸ் காரின் லெதர் சீட்: போனது பூச்சா, தோலா?

30 வயதைத் தாண்டிய, இரண்டே இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். டிரைவர் சீட்டின் கதவுப் பக்கத்துப் போல்ஸ்டர், அதாவது சீட்டின் ஓரத்தில் உடலை அணைத்துப் பிடிக்கும் மேடான பகுதி, நிறம் போய் வெளுத்திருக்கிறது. உட்காரும் இடத்தில் மெல்லிய வெடிப்புகள். ஓரிடத்தில் தையல் இரண்டு விரல் நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது. பட்டறைக்காரர் இரண்டு சீட்டையும் உரித்துவிட்டுப் புது லெதரில் தைத்துவிடலாம் என்கிறார். நண்பரோ, கலர் கிட் வாங்கி நீங்களே அடித்துக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும். தேய்ந்திருப்பது தோலா, தோலின் மேலிருந்த பூச்சா, இல்லை தோலைத் தாங்கி நிற்கும் ஃபோமா? இது தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும், அது பட்டறைக்காரருடையதானாலும் என்னுடையதானாலும், குத்துமதிப்புதான்.

கார் சீட் உறை வேலை பல வருடங்களாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்திருக்கும் சீட்டை முழுதாக உரிக்கத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் மேலே நிறம் அடித்துவிட்டு முடித்துக்கொண்டாலும் அது நிற்காது. நீங்கள் அனுப்பிய படத்தை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தோலின் வலுவைக் கையால் இழுத்துப் பார்த்துத்தான் அறிய முடியும், அந்தச் சோதனைகளை நீங்களே செய்யலாம்.

முதல் சோதனை, அது லெதர்தானா என்பது. கேட்க அபத்தமாக இருக்கலாம், ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இது அவசியம். 1962-ல் வந்த எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களில் உடம்பு படும் முகப்பு மட்டும் தோல், பக்கவாட்டும் முதுகும் ரெக்ஸின். மெர்சிடிஸின் எம்பி-டெக்ஸ் என்ற ரெக்ஸினைத் தோல் என்றே நம்பிப் பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு. பின்னாளில் வந்த ஜெர்மன் கார்களிலும் 'லெதர் சீட்' என்றால் நடுப்பகுதி மட்டும் தோலாக இருக்கலாம். உங்கள் சீட்டில் தையல் பிரிந்திருப்பது இந்த ஒரு விஷயத்தில் வசதி. பிரிந்த விளிம்பை மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பின்னலோ நெசவோ தெரிந்தால் ரெக்ஸின். பஞ்சுபோல நார்கள் எழுந்திருந்தால் தோல். அந்த நார் நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் குரோம் உப்பில் பதனிட்டது, பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. சாயம் ஊறிய தோலில் இந்த வேறுபாடு மறைந்துவிடும், அதனால் நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லாதீர்கள்.

அடுத்து வெடிப்பு. கார் தோல் சாதாரணமாக 1 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதன் மேல்முகம் மெல்லிய, நெருக்கமான அடுக்கு. மயிர்க்கண் ரேகைகள் அங்கேதான் இருக்கின்றன. அதற்குக் கீழே தடித்த நார்ப்பின்னல். தோலின் பலம் முழுவதும் அதில்தான். மேல்முகத்தின் மீது தொழிற்சாலையில் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, தெளிவான மேல்பூச்சு என்று வரிசையாக அடித்திருப்பார்கள். எல்லாம் சேர்ந்தாலும் மிக மெல்லிய படலம்தான். பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே 'தோல்' என்று குறிக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தர வரையறை. ஆக, நாம் தினமும் தொடுவதும் உரசுவதும் துடைப்பதும் இந்தப் படலத்தைத்தான். வெளுத்துப்போவதும் முதலில் இதுதான்.

ஒரு பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும். வெடிப்பின் இரு பக்கத்தையும் கட்டைவிரல்களால் லேசாக விரித்துப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் வழுவழுப்பான, வேறு நிறத் தோல் தெரிந்தால் பூச்சு மட்டும்தான் வெடித்திருக்கிறது. நார்கள் பிசிறாகத் தெரிந்தால் மேல்முகமே உடைந்துவிட்டது. பிறகு வெளுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே ஊறிக் கறுத்தால் அங்கே பூச்சு இல்லை. கடைசியாக, பிரிந்த தையலின் ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்து நிதானமாக இழுங்கள். நல்ல தோல் கொஞ்சம் நீண்டு திரும்பிவரும். கிழிந்து வந்தாலோ, அடிப்பக்கத்தைத் தேய்க்கும்போது செம்பழுப்புப் பொடி உதிர்ந்தாலோ, அந்தத் தோலுக்கு இனி வைத்தியம் இல்லை. அமிலம் நார்களையே அறுத்துவிட்ட நிலை அது. மரப்பட்டையில் பதனிட்ட பழைய தோல்களில் இதைப் பார்க்கலாம். குரோம் தோலில் அரிது.

இப்போது ஃபோமுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இந்தப் பகுதியை வையுங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் சீட் தாழ்வாக இருக்கும், போல்ஸ்டர் உயரமாக இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு உடல் எடையும் அந்த ஒரு விளிம்பில் சரிகிறது. முதலில் நொறுங்குவது அதன் உள்ளிருக்கும் ஃபோம். பாலியூரித்தேன் ஃபோம் வருடக்கணக்கான ஈரத்திலும் வெப்பத்திலும் மெல்லச் சிதைந்து மாவாகும். அடியில் தாங்கல் போனதும் மேலே தோல் தொய்கிறது. தொய்ந்த தோல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மடிகிறது. மடிப்பில் பூச்சு உடைகிறது, அந்த உடைப்பு வழியாக வியர்வையும் அழுக்கும் இறங்குகின்றன, பிறகு தோலே உடைகிறது. தையல் பிரிவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான், இழுவை சமமாகப் பரவாமல் ஒரு நூலில் வந்து விழுகிறது. அதனால்தான் கிட் வாங்கி அழகாக நிறம் அடித்த சீட் சில மாதத்தில் அதே கோட்டில் வெடிக்கிறது. பெயின்ட்டைக் குறை சொல்வார்கள், ஆனால் குறை அடியில் இருக்கிறது.

சோதிக்க எளிய வழி உங்கள் காரிலேயே இருக்கிறது. பயணி சீட்டில் அதிகம் பேர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இரண்டு சீட்டின் போல்ஸ்டரையும் உள்ளங்கையால் ஒரே அழுத்தத்தில் அமுக்கிப் பாருங்கள். டிரைவர் பக்கம் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி கையில் தட்டுப்பட்டால், அல்லது சீட்டுக்கு அடியில் தரையில் மஞ்சள் தூள் கிடந்தால், நிறத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் உறையைக் கழற்றியாக வேண்டும்.

இந்தச் சோதனைகள் முடிந்தால் வழி தானே தெளியும். ஃபோம் நன்றாக இருந்து பூச்சு மட்டும் போயிருந்தால் உங்கள் நண்பர் சொன்னது சரி, சுத்தம் செய்து நிறம் அடித்தால் போதும். இரண்டு சீட்டிலும் தோல் பல இடத்தில் கிழிகிறது, பொடிகிறது என்றால் பட்டறைக்காரர் சொன்னது சரி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகத் தோன்றுகிறது. அதற்கு ஒரு நடுவழி இருக்கிறது, பட்டறைகள் தாமாக அதைச் சொல்வது குறைவு. உறையைக் கழற்றி, ஃபோமைச் சரிசெய்து, உண்மையிலேயே கெட்டுப்போன ஓரிரு துண்டுகளை மட்டும் புதுத் தோலில் வெட்டி அதே உறையில் தைத்து, பிறகு முழு சீட்டுக்கும் ஒரே நிறம் அடிப்பது. நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் காரோடு வந்த தோலில் பெரும்பகுதி காரிலேயே இருக்கும். பழைய காரில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு முறை உரித்து எறிந்த அசல் உறையை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

சீட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சீட்டிலேயே பக்கவாட்டு ஏர்பேக் வைக்கும் வழக்கத்தை வால்வோ 1994-ல் தொடங்கியது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் பின்பற்றின. உங்கள் கார் அந்தக் காலத்தை ஒட்டியதாக இருந்தால் சீட்டின் வெளிப்பக்கத்தில் ஏர்பேக் முத்திரை இருக்கிறதா, அடியில் மஞ்சள் நிற இணைப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேட்டரி இணைப்பை எடுத்து, காரின் பழுதுக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகே தொட வேண்டும். ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளிவர வேண்டிய தையல் வேண்டுமென்றே பலவீனமான நூலில் போடப்பட்டது. அந்தத் தையலை வலுவான நூலால் தைப்பதும், அதன் மேல் பட்டி பூசுவதும் உயிரோடு விளையாடுவது. அந்தத் துண்டை மட்டும் அந்த வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஏர்பேக் இல்லாத சீட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நான்கு போல்ட், சில வயர்கள், அவ்வளவுதான். சீட் சூடாக்கும் கம்பி வலை ஃபோமின் மேல் ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமல், மடிக்காமல் எடுங்கள். முறிந்த கம்பி ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும்.

உறையைச் சட்டத்தோடு பிடித்திருப்பவை ஹாக் ரிங் என்ற சின்னக் கம்பி வளையங்கள். வெட்டி எடுத்துவிட்டுப் புதியவை போடலாம். பழையதை நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். உறையின் பள்ளமான கோடுகளுக்குள் நீளக் கம்பிகள் ஓடும். அவற்றில் துரு பிடித்திருந்தால் மாற்றுங்கள், துரு தோலைக் கறுக்கவைத்து அறுக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வையுங்கள், எந்த வளையம் எந்தத் துளையில் என்பது வரை.

உள்ளே எதைப் பார்ப்பீர்கள் என்பது காரைப் பொறுத்தது. பழைய மெர்சிடிஸ் எஸ்எல் கார்களில் ரப்பர் பால் தெளித்த தேங்காய் நார், மயிர்ப் பட்டைகள் இருக்கும். 1960களின் பிரிட்டிஷ் கார்களில் ரப்பர் வார்களோ ரப்பர் விரிப்போ சீட்டைத் தாங்கும், அவை தளர்ந்திருந்தால் மேலே எவ்வளவு நல்ல ஃபோம் வைத்தாலும் சீட் குழியும். உங்கள் காரின் காலத்துக்கு, அச்சில் ஊற்றி வடிவாக எடுத்த வார்ப்பு ஃபோம்தான் எதிர்பார்க்கிறேன். அதை முழுதாகத் தூக்கி எறியாதீர்கள். வார்ப்பு ஃபோமில் நடுப்பகுதிக்கு ஒரு மென்மை, ஓரத்துக்கு ஒரு கடினம் என்று திட்டமிட்டிருப்பார்கள். கடையில் கிடைக்கும் தட்டை ஃபோமை வெட்டி அதே உணர்வைக் கொண்டுவருவது மிகக் கடினம். நொறுங்கிய பகுதியை மட்டும் நேர்கோடாக வெட்டி எடுத்து, அதைவிடச் சற்றுக் கடினமான புது ஃபோம் துண்டை வைத்து ஃபோம் பசையால் ஒட்டுங்கள். காய்ந்ததும் கூர்மையான நீளக் கத்தியாலும் உப்புத்தாளாலும் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பயணி சீட்டின் போல்ஸ்டர் வடிவத்தை அட்டையில் வெட்டி அதையே அளவாக வையுங்கள், கண் மதிப்பு ஏமாற்றும். வடிவம் வந்தபின் ஒட்டு தெரியாமலிருக்க மேலே 5 அல்லது 6 மில்லிமீட்டர் மெல்லிய ஃபோம் போர்த்துங்கள். நொறுங்காமல் அமுங்கிமட்டும் போன ஃபோமுக்கு ஆவி காட்டினால் ஓரளவு எழும்பும். இது சில ஃபோமில் நன்றாக வேலை செய்கிறது, சிலவற்றில் ஒரு வாரத்தில் பழையபடி அமுங்கிவிடுகிறது. செலவில்லாத வேலை என்பதால் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

உறை கழன்று கையில் இருக்கும்போதே தையலைப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் தோலுக்கு முன் நூல்தான் போகும். நூல் மட்டும் அறுந்து ஊசித்துளைகள் முழுதாக இருந்தால், அதே துளைகள் வழியாக இரண்டு ஊசியால் எதிரெதிராகக் கையால் தைக்கலாம். பொறுமை உள்ள யாரும் செய்யலாம், மிஷினைவிடச் சுத்தமாக வரும். துளைகள் ஒன்றோடொன்று கிழிந்து சேர்ந்திருந்தால் பின்னால் மெல்லிய, நீளாத துணி ஒட்டி வலுவேற்றலாம். அது கிழிந்த ஓரத்துக்குத் தெம்பு தரும், ஆனால் இழுவை அதிகமுள்ள போல்ஸ்டர் தையலில் அதை நான் நம்புவதில்லை. அங்கே துண்டை மாற்றுவதே சரி.

துண்டை மாற்றுவது என்று முடிவானால் பழைய துண்டைப் பிரிப்பதற்கு முன் தையலின் குறுக்காக 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு எண் எழுதிக்கொள்ளுங்கள். வளைவில் தைக்கும்போது எந்தப் புள்ளி எதோடு சேர வேண்டும் என்பதை அந்தக் கோடுகள்தான் சொல்லும். பிரித்த துண்டை அப்படியே அச்சாக வைத்து வெட்டிவிடாதீர்கள். வருடக்கணக்கில் உட்கார்ந்து அது நீண்டிருக்கும். பயணி சீட்டின் அதே துண்டைத் திருப்பிப் போட்டு அளவு பார்த்தால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியும். புதுத் தோலில் வெட்டும் இடமும் முக்கியம். முதுகுப் பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதியும் கால் ஓரமும் இழுபடும். உட்காரும் இடத்துக்கும் போல்ஸ்டருக்கும் முதுகுப் பகுதியிலிருந்து மட்டும் வெட்டுங்கள். பழைய தோலின் தடிமனும் ரேகையும் ஒத்துவரும் தோலைத் தேடுங்கள். நிறம் ஒத்துவராவிட்டால் பரவாயில்லை, அதைப் பிறகு சரிசெய்யலாம். ரேகை ஒத்துவராவிட்டால் எத்தனை கோட் அடித்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

நூல் விஷயத்தில் பாலியெஸ்டரையே பரிந்துரைக்கிறேன். நைலான் வலிமையில் கொஞ்சம் மேல், ஆனால் வெயிலில் சீக்கிரம் கெடும். கூரை திறக்கும் கார் என்றால் நைலானை யோசிக்கவே வேண்டாம். பருத்தி நூல் பழையதுபோலத் தோற்றம் தரும் என்று சிலர் கேட்பார்கள், வியர்வையில் மக்கிவிடும். வீட்டில் துணி தைக்கும் மிஷினில் இதைத் தைக்க முயல வேண்டாம். மூன்று நான்கு மடிப்பு தோல் சேரும் இடத்தில் அது தையலைத் தவறவிடும், தோலில் விழுந்த துளை திரும்ப மூடாது. தோலை மேலிருந்தும் கீழிருந்தும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மிஷின் வேண்டும். இந்த ஒரு கட்டத்தை மட்டும் தொழில்முறைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு மற்றதை நீங்கள் செய்யலாம். பிரித்து, எண் போட்டு, வெட்டிய துண்டோடு போனால் அவருக்கு வேலை குறைவு.

சுத்தம் செய்வதைச் சாதாரணமாக நினைத்துவிடுவார்கள். ஆனால் நிறம் ஒட்டுவதும் உரிவதும் அதில்தான் தீர்மானமாகிறது. தோல் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது, பிஎச் அளவு 3.5-லிருந்து 5-க்குள் இருக்கும். குளியல் சோப்பும் அம்மோனியா கலந்த வீட்டுத் துப்புரவு நீர்களும் காரத்தன்மை உடையவை, தோலுக்கு ஆகாதவை. தோலுக்கென்றே விற்கும் மென்மையான துப்புரவு நுரையும் மென்மையான பிரஷும் போதும். துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை செய்யுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு, நிறம் அடிக்கத் தேவையே இல்லை என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு. தலை சாயும் இடத்திலும் போல்ஸ்டரிலும் உடல் எண்ணெய் ஊறியிருக்கும், அதற்குத் தனியாக எண்ணெய் நீக்கி வேண்டும். முன்பு கார் வைத்திருந்தவர் பளபளப்புக்காக சிலிக்கான் பாலிஷ் பூசியிருந்தால்தான் தொல்லை. அதன் மேல் எந்தப் பூச்சும் சின்னச் சின்ன வட்டங்களாகப் பிளந்து விலகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால், ஒவ்வொரு தடவையும் துணியைப் புரட்டி, பலமுறை துடைத்து எடுக்க வேண்டும்.

அடுத்து பழைய பூச்சு எந்த வகை என்று அறிய ஒரு சோதனை. சீட்டின் அடியில், கண்ணில் படாத ஓரத்தில், பஞ்சில் லேக்கர் தின்னர் தொட்டுத் தேயுங்கள். நிறம் கரைந்து பஞ்சுக்கு வந்து, தடவிய இடம் பிசுபிசுத்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். 1878-ல் தொடங்கி 2002-ல் தோல் தொழிலை நிறுத்திய பிரிட்டனின் கானலி நிறுவனம் ஜாகுவார், ரோல்ஸ்-ராய்ஸ், ஃபெராரி முதலிய கார்களுக்குக் கொடுத்த வாமோல் என்ற வகைத் தோல்களில் அந்தப் பூச்சு இருந்தது. பழைய லேக்கரை அதே வகை லேக்கரால் புதுப்பித்தால் பழைய தோற்றம் அப்படியே வரும். ஆனால் அதற்குத் தீப்பிடிக்கும் கரைப்பான்கள் வேண்டும், காற்றோட்டமான இடம் வேண்டும், பழக்கமும் வேண்டும். நிறம் வராவிட்டாலோ கொஞ்சமாக மட்டும் வந்தாலோ அது அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன். உங்கள் கார் பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும், தண்ணீரில் கரையும் தோல் பெயின்ட் பொருந்தும்.

வெளுத்த இடங்களை 600 முதல் 1000 வரையிலான உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து உரிந்த விளிம்புகளைச் சமன் செய்யுங்கள். மேல்முகம் வரை மட்டும், அதைத் தாண்டக் கூடாது. வெடிப்புகளுக்கு வளையும் தன்மையுள்ள தோல் பட்டியை மிக மெல்லிய படலங்களாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும், முதல் வளைவிலேயே உதிரும். தோல் ஆழமாகக் கிழிந்திருந்தால் பட்டி மட்டும் பிடிக்காது, பின்னால் துணி ஒட்டிய பிறகே பட்டி. நார் வரை உடைந்த வெடிப்பைப் பட்டி மறைக்கும், குணப்படுத்தாது. உட்காரும்போது மடியும் இடமாக இருந்தால் அது ஒருநாள் திரும்ப வெடிக்கும். எத்தனை காலம் தாங்கும் என்று நேர்மையாக யாரும் உறுதி கொடுக்க முடியாது. எப்படி உட்காருகிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

நிறத்தைச் சீட்டின் மேற்பகுதியிலிருந்து எடுக்காதீர்கள். ஹெட்ரெஸ்ட்டுக்கு அடியிலும் உறையின் மடிப்புக்குள்ளும் வெயில் படாத அசல் நிறம் இருக்கும். ஆனால் கதவு அட்டையும் டாஷ்போர்டும் வெளுத்திருக்கும் காரில் சீட்டை மட்டும் தொழிற்சாலை நிறத்துக்குக் கொண்டுபோனால் புதுச் சட்டைக்குப் பழைய வேட்டி கட்டியதாகிவிடும். ஒரு சீட்டை மட்டும் அடிப்பதென்றால் மற்ற சீட்டின் இன்றைய நிறத்துக்கே பொருத்துங்கள். பார்ப்பது பகல் வெளிச்சத்தில், பிறகு ஒருமுறை விளக்கொளியிலும். ஈரத்தில் ஒன்றாகவும் காய்ந்தபின் வேறாகவும் தெரியும் என்பதால் சிறு தோல் துண்டில் அடித்து முழுதாகக் காய்ந்த பிறகே முடிவெடுங்கள். நிறத்தைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது பளபளப்பில். பழைய கார் தோல் பெரும்பாலும் மங்கலான மினுமினுப்போடுதான் வந்தது. மேட் மேல்பூச்சே அசலுக்கு நெருங்கும்.

முதல் கோட்டை ஸ்பாஞ்சால் அழுத்தித் தேய்த்து ரேகைக்குள் இறக்குங்கள். அடுத்தவற்றை ஏர்பிரஷ் அல்லது சிறிய ஸ்ப்ரே கன்னில், ஈரம் தேங்காத மெல்லிய படலங்களாக அடியுங்கள். தோல் முறுக்கும்போது தையல் பள்ளங்களில் பழைய நிறம் எட்டிப்பார்க்கும், உறையைக் கையால் விரித்து அங்கேயும் அடிக்க வேண்டும். மேல்பூச்சில் அதை இறுகவைக்கும் ஹார்டனரை நிறுவனம் சொன்ன அளவில் கலக்காவிட்டால் ஜீன்ஸின் நீலம் ஏறும், நிறம் உடையில் ஒட்டும். தண்ணீரில் கரையும் பெயின்ட்தானே என்று முகமூடி இல்லாமல் அடிக்காதீர்கள். பல ஹார்டனர்கள் நுரையீரலுக்குக் கெடுதல், வேதி ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடியே வேண்டும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணியில் வந்துவிடும். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகலாம், அதுவரை யாரும் உட்காராமல் இருப்பது நல்லது.

கண்டிஷனர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கே கருத்து வேறுபாடு உண்டு, என் கருத்தைச் சொல்கிறேன். பூச்சு முழுதாக இருக்கும் நவீனத் தோலில் மேலே தடவும் கிரீம் உள்ளே போவது மிகக் குறைவு. தோலுக்கு 'உணவு ஊட்டுகிறோம்' என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உராய்வைக் குறைக்கும், தொடுவதற்கு இதமாக இருக்கும், அவ்வளவே. மரப்பட்டையில் பதனிட்ட, பூச்சு தேய்ந்த பழைய தோலில் நிலைமை வேறு. அது அட்டையாக விறைத்திருந்தாலும் நார் அறுபடாமல் இருந்தால், உறையைக் கழற்றியபின் அடிப்பக்கத்திலிருந்து நீரில் கலக்கும் தோல் கொழுப்பைக் கொடுத்து, கையால் பிசைந்து இளக்க முடியும். பல நாள் வேலை. மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை ஊற்றி ஊறவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வேன். அது தோலைக் கறுக்கவைத்துத் தொளதொளப்பாக்கும், பிறகு நிறம் பிடிக்காமல் செய்யும்.

கடைசியாக, பட்டறையிலேயே கொடுப்பது என்று முடிவெடுத்தால் அவர்களிடம் கேட்க வேண்டியவை. ஃபோமைத் திறந்து காட்டுவீர்களா? ஒரு துண்டை மட்டும் மாற்றித் தர முடியுமா? எந்த நூல்? முகப்பு முழுவதும் தோலா, எந்தெந்த இடத்தில் ரெக்ஸின் வரும்? பட்டை பட்டையாகப் பிரித்துத் தைத்த அசல் வடிவத்தையும் அவற்றுக்கிடையேயான அகலத்தையும் அப்படியே கொண்டுவருவீர்களா? முன்பு செய்து இரண்டு மூன்று வருடம் ஓடிய சீட் ஒன்றைக் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். புதிதாகத் தைத்த சீட் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், உட்கார்ந்து எழுந்த சீட்டில்தான் ஃபோமும் தையலும் பேசும். இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் கொடுங்கள். பிரித்த பழைய உறையை, கிழிந்திருந்தாலும், எல்லாத் துண்டுகளோடும் திருப்பித் தரும்படி வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். அடுத்து யார் அந்தச் சீட்டைத் தொட்டாலும் அவருக்கு அதுதான் அளவு.